நீலப் புள்ளியும் எல்லைக் கல்லும்: கேள்வி பதில்

போனில் இடம் காட்டும் வசதி, வரைபடம், ஜிபிஎஸ் பற்றிக் கேளுங்கள் என்று அறிவித்ததும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே மூன்று கேள்விகள்தாம். ஒருமுறைதான் பதில் சொல்வேன். நான் நில அளவைக் கருவிகளோடு காலம் தள்ளியவன், போன் விற்பவன் அல்ல. எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: எங்கள் வயல் பக்கம் டவர் கிடையாது. இணையம் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா ஐயா?

செய்யும். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. நான்கு கோள்களின் குரல் காதில் விழுந்தால் இடம் தெரிந்துவிடும். சிம் கார்டே தேவையில்லை.

இணையம் இரண்டு காரியங்களுக்கு வேண்டும். ஒன்று, வரைபடத்தின் படங்கள். வீட்டில் இருக்கும்போதே உங்கள் வட்டாரத்தின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இன்னொன்று, எந்தக் கோள் எங்கே சுற்றுகிறது என்ற விவரம். அதைக் கோளே அனுப்பும். ஆனால் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புவதால், ஒரு கோளின் விவரம் முழுதாக வந்து சேரவே அரை நிமிடம் ஆகும். இணையம் இருந்தால் போன் அதை நொடியில் வாங்கிக்கொள்ளும். ஆகவே டவர் இல்லாத இடத்தில் மரத்தடியை விட்டு வெளியே வந்து, ஓரிரு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். பத்து நொடியில் புள்ளி வரவில்லை என்று போனைத் தட்டுவதில் பயனில்லை.

சேலம் வாசகர்: 15,000 ரூபாய்க்குள் நல்ல ஜிபிஎஸ் உள்ள போன் எது?

பெயர் சொல்ல மாட்டேன். இன்று சொன்னால் அடுத்த மாதம் அந்த மாடலே கடையில் இருக்காது. விவரப் பட்டியலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது திசைமானி. காந்தப் புலத்தை உணரும் இந்தச் சில்லை மலிவான போன்களில் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நடக்கும்போது திசை தெரியும், முச்சந்தியில் நின்றுவிட்டால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது போனுக்குத் தெரியாது. இரண்டாவது, கோள்கள் ஒலிபரப்பும் வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இன்னோர் அலைவரிசையையும் வாங்குகிறதா என்பது. கேமராவின் மெகாபிக்சலைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது ஏன் முக்கியம் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: காலையில் ஓடினால் வழித்தடம் சரியாகப் பதிவாகிறது. சில மாதங்களில் இரவு எட்டு மணிக்கு அதே சாலையில் ஓடினால் கோடு தாறுமாறாக இருக்கிறது. போன் பழுதா?

அருமையான கேள்வி. பழுதாக இருக்க வேண்டியதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியவை கட்டடங்களும் மரங்களும்தான். அலை சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் புள்ளி தாவும். ஆனால் காலையில் அதே சாலையில் ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் சுவாரசியம்.

கோளிலிருந்து வரும் அலை, வானின் மேலே மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கான அயனி மண்டலத்தைக் கடந்து வரும்போது தாமதப்படுகிறது. அந்தத் தாமதம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் முதல் ராக்கெட் பறந்த, உங்களுக்குப் பக்கத்திலேயே கேரளக் கரையில் இருக்கும் தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது கூடுதல். அந்த நேரத்தில் அலை மினுக்கும், சில கோள்களின் தொடர்பு அறுந்து அறுந்து வரும். ஐரோப்பாவில் அமர்ந்து செயலி எழுதுகிறவருக்கு இப்படி ஒரு தொல்லை இருப்பது அன்றாட அனுபவத்தில் தெரியாது.

இரண்டு அலைவரிசைகளை வாங்கும் போன், இரண்டும் எவ்வளவு தாமதப்படுகின்றன என்று ஒப்பிட்டு, தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். எல்5 சுவர் எதிரொலியையும் நன்றாகச் சமாளிக்கும். மினுக்கலை மட்டும் எதுவும் முழுதாகத் தீர்க்காது. காலையிலேயே ஓடுங்கள்.

கோபிச்செட்டிபாளையம் வாசகர்: போன் செயலியில் எங்கள் தோட்டத்தைச் சுற்றி நடந்து அளந்தேன். பட்டாவில் உள்ள பரப்போடு கிட்டத்தட்டப் பொருந்தியது. பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பைத் தள்ளிவிட்டார் என்று சந்தேகம். இதே செயலியை வைத்துக் கல் நட்டுவிடலாமா?

கூடாது. இதைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போனை வைத்துக்கொண்டு எல்லைக் கல் நடாதீர்கள்.

போன் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? எல்லோரும் புள்ளியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வட்டத்தை. 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்றுதான் போன் சொல்கிறது. திறந்த வெளியில், நல்ல வானத்தில், சாதாரண போனின் பிழை ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கம் 21 அடி, அதாவது ஆறரை மீட்டருக்கும் குறைவு. பிழையும் மனையும் ஏறக்குறைய ஒரே அளவு! மூன்று சென்ட் மனையின் பக்கம் 11 மீட்டர். நான்கு மூலையும் வெளிப்பக்கமாக இரண்டிரண்டு மீட்டர் தள்ளிப் பதிவானால் 15 மீட்டர் ஆகும், மூன்று சென்ட் ஐந்தரை சென்ட் ஆகிவிடும். உட்பக்கமாகத் தள்ளினால் ஒன்றேகால் சென்ட்கூட மிஞ்சாது.

உங்களுடையது தோட்டம், பெரிய பரப்பு. அதனால்தான் பொருந்தியது. சில நிமிட இடைவெளியில் எடுத்த புள்ளிகளில் பிழை பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். தோட்டம் முழுவதும் மூன்று மீட்டர் கிழக்கே நகர்ந்து பதிவானாலும் பரப்பு மாறாது. பரப்பு சரி, இடம் தவறு. உழவு ஓட்டியவருக்கு ஏக்கர் கணக்கில் கூலி கொடுக்க அந்தச் செயலி போதும். பக்கத்துக்காரர் வரப்பு அரை மீட்டர் நகர்ந்ததா என்று சொல்ல அதற்கு யோக்கியதை இல்லை.

தங்கச்சிமடம் வாசகர்: படகு ஜிபிஎஸ் கருவியில் குறித்த இடத்தை போனில் போட்டால் வேறு எங்கோ காட்டுகிறது. எது பொய்?

இரண்டும் மெய்தான், எழுதும் முறை வேறு. படகுக் கருவி பெரும்பாலும் பாகையும் நிமிடமும் காட்டும். உதாரணத்துக்கு 9 பாகை 17.250 நிமிடம் என்று திரையில் இருக்கிறது. அதை நீங்கள் போனில் 9.17250 என்று தட்டுகிறீர்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 17.25 நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், 0.2875 வரும். போனில் இட வேண்டியது 9.2875. வகுக்காமல் போட்டதால் கிட்டத்தட்ட ஏழு கடல் மைல், அதாவது 13 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டீர்கள். உங்கள் கடலில் ஏழு மைல் என்றால் என்ன விபரீதம் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. படகுக் கருவியின் அமைப்புப் பக்கத்தில் பாகையைப் பதின்மத்தில் காட்டும்படி மாற்றலாம். ஆனால் கூட வரும் படகுகளோடு இடம் பரிமாறிக்கொள்வீர்களே, எல்லோரும் ஒரே முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகர்: கத்திப்பாராவில் மேலே போகிறேன், மேப் கீழே போவதாக நினைக்கிறது.

உயரத்தில் பிழை, கிடைமட்டப் பிழையைவிட அதிகம். மேம்பாலத்தையும் கீழ்ச்சாலையையும் போனால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. பெயர்ப் பலகையைப் படியுங்கள்.

விருதுநகர் வாசகர்: நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

முதல் பதில்.

கோபிச்செட்டிபாளையம் வாசகர், மீண்டும்: சர்வேயரும் ஜிபிஎஸ் கருவியோடுதானே வந்தார்? அவர் கையில் இருந்தால் துல்லியம், என் கையில் இருந்தால் பொய்யா?

கோபம் புரிகிறது. கேள்வி நியாயமானதும்கூட. அவர் கொண்டுவந்தது ஒற்றைக் கருவி அல்ல. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையம் வேறோர் இடத்தில் அசையாமல் நின்று, 'இந்த நொடியில் கோள்கள் இவ்வளவு பொய் சொல்கின்றன' என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம் ரேடியோ வழியாகவோ மொபைல் டேட்டா வழியாகவோ அவர் கோலில் உள்ள கருவிக்கு வந்து சேரும். கருவி கோளின் செய்தியை மட்டும் கேட்பதில்லை, அலையின் கட்டத்தையே, அதாவது ஏறி இறங்கும் அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையே அளக்கும். அந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதனால்தான் சென்டிமீட்டர் கணக்கில் சொல்ல முடிகிறது. கோலின் பக்கத்தில் உருண்டைக் குமிழி ஒன்று இருந்திருக்கும், கவனித்தீர்களா? அது நடுவில் நிற்காமல் கோல் சாய்ந்திருந்தால் சென்டிமீட்டர் பெருமை அங்கேயே போயிற்று.

துல்லியத்துக்கு எப்போதுமே இப்படி மெனக்கெட வேண்டியிருக்கிறது. 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையர் வில்லியம் லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை, அதாவது அடிக்கோட்டை அளந்தபோது, நூறு அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, வெயிலில் சங்கிலி எவ்வளவு நீண்டது என்பதையும் கணக்கில் சேர்த்தார்.

தஞ்சாவூர் வாசகர்: நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். செயற்கைக்கோள் படத்தில் என் வேலி தெளிவாகத் தெரிகிறது. அதன் மேல் கோடு போட்டால் போதாதா?

அந்தப் படமே சில மீட்டர் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம். அதே வரைபடத்தில் பழைய ஆண்டின் படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பல ஊர்களில் வீடுகள் இடம் பெயர்ந்து குதிக்கும். வீடு நடந்திருக்காது அல்லவா? மேலும், படத்தில் தெரிவது வேலி. வேலி இருக்கும் இடம்தான் எல்லையா என்பதுதானே வழக்கே!

கோபிச்செட்டிபாளையம் வாசகர், மூன்றாம் முறை: அப்படியானால் நான் என்னதான் செய்வது?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் புல எண்ணுக்குரிய எஃப்.எம்.பி. (புல அளவுப் புத்தக) வரைபடத்தை அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் எழுதியிருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, இன்னும் நிற்கும் பழைய சர்வே கற்களுக்கு இடையே இழுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய போனைவிட அந்த டேப் உங்களுக்கு உண்மை சொல்லும். நீளம் இடித்தால், கட்டணம் செலுத்தி அளவைக்கு விண்ணப்பியுங்கள். அளக்க வரும் நாளில் பக்கத்துத் தோட்டக்காரரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் நட்ட கல் அடுத்த மழைக்குள் காணாமல் போகும்.

ஈரோடு வாசகர்: போன் நம்பரை வைத்து ஒருவர் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலி எது? (இதே கேள்வி பல ஊர்களிலிருந்து.)

எதுவும் இல்லை. எந்த டவரின் கீழ் எண் இருக்கிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும், சட்டப்படி கேட்டால் போலீசுக்குக் கிடைக்கும். உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது. கடையில் கிடைக்கும் 'நம்பர் லொக்கேஷன்' செயலிகள் எண் பதிவான மாநிலத்தைக் காட்டிவிட்டு, உங்கள் தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு போகும். மனைவியின் போனில், கணவரின் போனில் தெரியாமல் எதையாவது போட்டு வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

மதுரை வாசகர்: அப்பாவுக்கு மறதி. நடைப்பயிற்சி போனால் வழி தவறிவிடுகிறார்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான், ஒவ்வொரு நாளும் அவரே அனுப்ப வேண்டும். மறதி உள்ளவருக்கு அது சரிப்படாது. கூகுள் மேப்பில் நீங்களாக நிறுத்தும்வரை தொடரும் பகிர்வு இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டு அதை அமைத்துக் கொடுங்கள். பேட்டரி சேமிப்பு முறை அதை முடக்காமல் பார்த்துக்கொள்ளவும். சட்டைப் பையில் உங்கள் எண் எழுதிய அட்டையும் இருக்கட்டும், போனில் சார்ஜ் தீர்ந்த பிறகும் அது வேலை செய்யும்.

அவர் போனில் பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்தினால் 112-க்கு அழைப்பு போகும்படி இந்தியாவில் விதி உண்டு. பொத்தான் போன் என்றால் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் போனில் அது எப்படி அமைந்திருக்கிறது என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்து வையுங்கள். சோதிக்கிறேன் என்று அழைத்துவிடாதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: போன் தொலைந்துவிட்டது, ஜிபிஎஸ் வைத்துப் பிடிக்க முடியுமா?

அணைத்துவிட்டால் பெரும்பாலும் முடியாது. இன்னொரு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, உடனே பூட்டுங்கள். போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், அதே எண்ணில் புதிய சிம் எடுங்கள், பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். 15 இலக்கம் கொண்ட அந்த எண் வாங்கிய பெட்டியில் இருக்கும். போன் தொலையாத மற்றவர்கள் இப்போதே நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்திக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர் வாசகர்: நெட் இல்லாத இடத்தில்...

முதல் பதில்! முதல் பதில்!

புதுக்கோட்டை வாசகர்: துபாயிலிருந்து மச்சான் சாட்டிலைட் போன் வாங்கி வருகிறேன் என்கிறார். மலையேற்றத்துக்கு உதவுமா?

விமான நிலையத்திலேயே வம்பில் மாட்டிக்கொள்வார். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். உடனே தொலைபேசியில் தடுத்துவிடுங்கள்.

காஞ்சிபுரம் வாசகர்: அஞ்சல் துறையின் டிஜிபின் நான்கு மீட்டர் கட்டத்தைக் காட்டுகிறதாமே. அதை வைத்து மனை எல்லையைக் குறிக்கலாமா?

கோபி வாசகருக்குச் சொன்னதை மூன்று முறை படியுங்கள். டிஜிபின் பத்து எழுத்தில் உங்கள் வாசலைச் சொல்லும் முகவரி. கதவு எண் இல்லாத தெருவுக்கு கொரியர்காரரையும் 108-ஐயும் வரவழைக்க அருமையான ஏற்பாடு. உங்கள் மனை அந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று யாரும் பத்திரம் எழுதவில்லை.

கோபிச்செட்டிபாளையம் வாசகர், நான்காம் முறை: டேப் வாங்கிவிட்டேன். துணி டேப்பா, எஃகு டேப்பா என்று கடைக்காரர் கேட்கிறார்.

எஃகு. துணி டேப் இழுக்க இழுக்க நீளும், நனைந்தால் அளவு மாறும். முப்பது மீட்டர் நீளத்தில் வாங்குங்கள், தொய்வில்லாமல் இருவர் பிடித்து இழுங்கள். மறுமுனையைப் பிடிக்கப் பக்கத்துத் தோட்டக்காரரையே கூப்பிடுங்கள்.