தேர்ட் மேனுக்குப் பிறகு என்ன பார்ப்பது?

அன்புள்ள சார்,

நீங்கள் சொல்லித்தான் 'த தேர்ட் மேன்' பார்த்தேன். சாக்கடைச் சுரங்கத்தில் துரத்தும் காட்சி பிரமாதம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் தூங்கிவிட்டேன். பாதிப் படம் தாண்டிய பிறகுதான் ஆர்சன் வெல்ஸ் முகத்தையே காட்டுகிறார்கள். சாவு, துரோகம் என்று கதை போய்க்கொண்டிருக்கிறது, பின்னணியில் ஒருவர் கல்யாண வீடு மாதிரி குஷியாக வாசிக்கிறார். கடைசியில் அந்தப் பெண் கதாநாயகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விடுகிறாள். இருந்தாலும் படம் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பழைய பிரிட்டிஷ் படங்களை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். இன்னொன்று, "வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அவன் படத்தைக் கட்டிக்கிட்டு அழறியா" என்று என் மாமா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

தூங்கியதில் தப்பே இல்லை. 'தேர்ட் மேன்' மேலே போகப் போகப் பார்க்க வேண்டிய படம், முதல் படியில் வைத்தால் கொஞ்சம் தடுக்கும். ஆனால் உங்களுக்கு உறுத்திய இரண்டு விஷயங்களும்தான் அந்தப் படத்தின் உயிர். அந்த வாத்தியம் ஸிதர் என்கிற ஒரு தந்தி வாத்தியம். வாசித்த அன்டன் கராஸ், வியன்னாவின் மதுக்கடைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர். இயக்குநர் கேரல் ரீட் அவரைப் பிடித்து லண்டனுக்குக் கூட்டிவந்து முழுப் படத்துக்கும் அந்த ஒற்றை வாத்தியத்தையே வாசிக்க வைத்தார். கள்ளச்சந்தையில் நீர்த்துப்போன பெனிசிலினை விற்றுக் குழந்தைகளைச் சாகடிக்கிற கதைக்கு சோகமாக வயலின் இழுத்திருந்தால் 1949-ஓடு அது முடிந்திருக்கும். கடைசிக் காட்சியைப் பற்றி இன்னொரு விஷயம்: கதை எழுதிய கிரஹாம் கிரீன் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் முடிக்க நினைத்தார், ரீட் முடியாது என்றுவிட்டார், பிற்பாடு கிரீனே ரீட் செய்ததுதான் சரி என்று எழுதினார். அந்தப் பெண் அவனைத் திட்டுவதில்லை, அழுவதில்லை. இலை உதிரும் கல்லறைச் சாலையில் அவன் காத்து நிற்க, நேராக நடந்து வந்து அவனைத் தாண்டிப் போய்விடுகிறாள். உங்கள் மனசை விட்டுப் போகாதது அதுதான் என்பது என் ஊகம்.

எனக்கு இந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கும் அதுவேதான் காரணம். நம் படங்களில் ஒருவர் நெஞ்சு வெடித்தால் நமக்குக் கேட்டுவிடும், நான் அதைக் குறைவாகச் சொல்லவில்லை, சிவாஜியைப் பார்த்து வளர்ந்தவன் நான். இவர்கள் வேறு மாதிரி. வீடு இடிந்தாலும் "மன்னிக்கணும், கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா" என்று கேட்பார்கள். அந்த மரியாதைக்கும் உள்ளே நடக்கிற ரகளைக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் சிரிப்பு, திகில், காதல் எல்லாம். அதற்குக் காது பழகிவிட்டால் அப்புறம் தூக்கம் வராது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது. திருப்பூர்க்காரர் நீங்கள், உங்களுக்கென்றே ஒரு படம் இருக்கிறது. 'த மேன் இன் த வைட் சூட்', 1951. மேற்கு லண்டனில் ஈலிங் என்ற இடத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ, மைக்கேல் பால்கன் என்பவர் நடத்தினார். போர் முடிந்து ரேஷன் இன்னும் தீராத நாட்களில் அங்கிருந்து வரிசையாக வந்த நகைச்சுவைப் படங்களில் இதுவும் ஒன்று, இயக்கம் அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக். அலெக் கின்னஸ் இதில் ஒரு வேதியியல்காரன். மில் மில்லாக எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, யாருக்கும் தெரியாமல் கம்பெனி செலவிலேயே பரிசோதனைக் கூடத்தின் மூலையில் தன் குழாய்களையும் குடுவைகளையும் அடுக்கி வைத்திருக்கிறான். அவை குளுக் குளுக்கென்று ஒரு தாளத்தோடு கொதிக்கிற சத்தம் படம் முழுக்க வரும், அதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவன் கண்டுபிடிப்பது அழுக்கே ஆகாத, கிழியாத, தேயாத நூல். அதில் ஒரு கோட்டு சூட்டு தைக்கிறார்கள். கத்தரி நுழையவில்லை, தீ உமிழும் டார்ச்சை வைத்துத் துணி வெட்டுகிறார்கள், உங்கள் கட்டிங் மாஸ்டர் அதைப் பார்க்க வேண்டும். சாயமும் ஏறாது, அதனால் பளீரென்ற வெள்ளை, இருட்டில் லேசாக மின்னவும் செய்யும்.

இனி நடப்பதுதான் படம். முதலாளிகள் அலறுகிறார்கள், ஒரு துணி ஒரு ஆயுளுக்குப் போதும் என்றால் இரண்டாவது துணியை யாரிடம் விற்பது? தொழிற்சங்கமும் அலறுகிறது, இரண்டாவது துணி இல்லையென்றால் வேலை எங்கே? ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே அணியில் சேர்ந்து ராத்திரித் தெருக்களில் அவனைத் துரத்துகிறார்கள், மின்னுகிற சூட்டைப் போட்டுக்கொண்டு அவன் எங்கே ஒளிவது? சந்து முனையில் துணி துவைத்துப் பிழைக்கிற கிழவி ஒருத்தி எதிரே வருகிறாள். அவன் முன்பு குடியிருந்த வீட்டுக்காரி. நீங்களெல்லாம் ஏன் சும்மா இருக்க மாட்டேன் என்கிறீர்கள், துவைக்கவே வேண்டாமென்றால் என் பாடு என்ன என்று கேட்கிறாள். அதுவரை அவன் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்த நமக்கு சுருக்கென்று தைக்கும். அவன் முகத்தைப் பாருங்கள் அந்த நேரத்தில். கின்னஸ் ஒன்றுமே செய்யவில்லை, கண் மட்டும் கொஞ்சம் நகரும். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதற்கு அடுத்த ஞாயிறு 'த லேடிகில்லர்ஸ்', 1955. இதுவும் மெக்கெண்ட்ரிக், ஆனால் வண்ணப்படம். லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம், ரயில் சுரங்கத்துக்கு மேலே கோணிப்போன ஒரு வீடு, அதில் தனியாக ஒரு பாட்டி. மாடியை வாடகைக்கு எடுக்கிறவரும் அவரோடு வந்து கூடுகிற நால்வரும் கொள்ளைக்காரர்கள், ஆனால் சங்கீதக்காரர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கிராமபோனில் போக்கரினி என்ற இசையமைப்பாளரின் தட்டைப் போட்டுவிட்டுத் திட்டம் தீட்டுவார்கள், பாட்டி தட்டில் டீயோடு கதவைத் தட்டியதும் அவசர அவசரமாக ஆளுக்கொரு வாத்தியத்தைத் தூக்கிக்கொள்வார்கள். பாட்டியைத் தீர்த்துக்கட்டியாக வேண்டும், எவனுக்கும் கை வரவில்லை. பாட்டியாக நடித்த கேட்டி ஜான்சன் அந்த ஐந்து தடியர்களையும் ஊதித் தள்ளிவிடுகிறார். 2004-இல் அமெரிக்காவில் டாம் ஹாங்க்ஸை வைத்து இதைத் திரும்ப எடுத்தார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஈலிங்கின் இன்னொரு படமான 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' (1949) பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி, அலெக் கின்னஸ் ஒரு பெண் வேடம் உட்பட எட்டு வேடம் போட்டிருக்கிறார் என்பது. நவராத்திரியில் ஒன்பது பார்த்த நமக்கு எட்டு ஒரு கணக்கா? ஆனால் அந்தப் படத்தின் நிஜமான நாயகன் டென்னிஸ் பிரைஸ். பிரபுக் குடும்பம் ஒதுக்கிவைத்த ஒரு தாயின் மகன், தனக்கும் பட்டத்துக்கும் நடுவில் நிற்கிற சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தீர்க்கக் கிளம்புகிறான். ஒன்றிரண்டு பேர் அவனுக்கு வேலை வைக்காமல் தாங்களே போய்ச் சேர்கிறார்கள், அதில் ஒரு கப்பற்படை அட்மிரல் தன் பிடிவாதத்தால் மூழ்கும் கப்பலில் தண்ணீர் தொப்பிக்கு மேல் ஏறும்வரை சல்யூட் அடித்தபடியே நிற்பார். இத்தனையையும் பிரைஸ் குரல் ஏறாமல், நல்ல ஆங்கிலத்தில், நமக்கு விவரித்துக்கொண்டே போகிறார். வசனம்தான் படம், கவனம் சிதறினால் போச்சு. 'விஸ்கி கலோர்' அதே ஸ்டுடியோ, அதே ஆண்டு, லேசான படம். போர்க்காலத்தில் விஸ்கி தீர்ந்துபோன ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் பக்கத்தில் விஸ்கிக் கப்பல் தரைதட்டுகிறது. 1941-இல் நிஜமாகவே நடந்ததை வைத்து எழுதிய கதை. ஆட்கள் படகை எடுக்கிற நேரத்தில் மணி பன்னிரண்டு அடித்து ஞாயிறு பிறந்துவிடுகிறது, ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது, ஊரே கரையில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தவிக்கிறது.

சிரிப்பு போதும் என்று தோன்றும்போது 'பிரீஃப் என்கவுன்ட்டர்'. டேவிட் லீன், 1945. வியாழக்கிழமைதோறும் கடைத்தெருவுக்கு வருகிற ஒரு குடும்பப் பெண், ரயில் நிலையச் சிற்றுண்டிக் கடையில் சந்திக்கிற ஒரு டாக்டர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவ்வளவுதான் கதை. நிலையக் காட்சிகளை லங்காஷயரில் கார்ன்ஃபோர்த் நிலையத்தில் ராத்திரியில் எடுத்தார்கள். போர் அப்போதும் முடியவில்லை. அத்தனை வடக்கே போனதற்குக் காரணம், விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் விளக்கை அணைக்க அவகாசம் கிடைக்கும் என்பது. படம் ஆரம்பத்திலேயே ஒரு மேசையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், தெரிந்த பெண்மணி ஒருத்தி வந்து நடுவில் உட்கார்ந்து தொணதொணக்கிறாள், அந்த ஆள் எழுந்து, இவள் தோளில் ஒரு கை வைத்துவிட்டு வெளியே போகிறார். நாம் கவனிக்கக்கூட மாட்டோம். கடைசியில் அதே காட்சி திரும்ப வரும். இப்போது அது அவர்கள் பேசக் கிடைத்த கடைசி நிமிடங்கள் என்று நமக்குத் தெரியும், ஆனால் தொணதொணப்பு ஓயாது, சரியாக விடைபெறக்கூட முடியாது, அந்தக் கை தோளில் ஒரே ஒரு நொடி அழுத்தி எடுக்கப்படும். சீலியா ஜான்சன் அசைய மாட்டார். இதைவிடப் பெரிய காதல் காட்சி எனக்குத் தெரிந்து குறைவு. சிலருக்கு இது அநியாயத்துக்கு அடக்கிவாசிப்பாகத் தெரியும், உங்களுக்கும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், சண்டை இல்லை.

கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் 'த லேடி வேனிஷஸ்'. ஹிட்ச்காக் அமெரிக்கா போவதற்கு முன், 1938-இல் எடுத்தது. ஐரோப்பாவில் ஓடும் ரயிலில் ஒரு வயதான பெண்மணி காணாமல் போகிறார், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று எல்லாரும் சாதிக்கிறார்கள். அதில் இரண்டு ஆங்கிலேயர்கள், மான்செஸ்டர் டெஸ்ட் மேட்சைப் பிடித்தாக வேண்டும் என்பதைத் தவிர வேறு சிந்தனையே இல்லாதவர்கள். சர்க்கரைக் கட்டிகளை எடுத்து மேசைமேல் ஃபீல்டிங் நிறுத்தி விளக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்மணி சர்க்கரை கேட்பார், முறைத்துக்கொண்டே ஃபீல்டர்களைப் பொறுக்கிக் கொடுப்பார்கள். பிறகு, ரயில் தாமதமாகிவிடும் என்ற ஒரே பயத்தில் அவரைப் பார்த்ததையே மறைக்கிறார்கள். பிரிட்டன் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த வருஷத்தில் வந்த படம், யாரைக் குத்துகிறது என்று அன்றைக்குப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அதே வருஷம் மான்செஸ்டரில் இங்கிலாந்து ஆஸ்திரேலியா டெஸ்ட் மழையால் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டது. படம் முடிந்ததும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமா. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, மழுப்ப மாட்டேன். இமயமலையில் நடக்கிற கதையான 'பிளாக் நார்சிஸஸ்' 1947-இல், நாம் சுதந்திரம் வாங்கிய அதே வருஷம் வந்தது. இமயமலை முழுக்க பைன்வுட் ஸ்டுடியோவில் செட்டும் கண்ணாடியில் தீட்டிய ஓவியமும், ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவு கண்ணைப் பறிக்கும், ஆனால் மலைக்காரப் பெண்ணாக ஜீன் சிம்மன்ஸுக்கு மாநிற மை பூசி விட்டிருக்கிறார்கள். 'கைண்ட் ஹார்ட்ஸி'லும் கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் சர்வசாதாரணமாக வந்து போகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). இலங்கையில் கிதுல்கலவில் எடுத்த பெரிய படம், நன்றாகவே எடுத்த படம். ஆனால் போர்க்காலத்தில் ஜப்பானியர் போடவைத்த, நம்மவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்கிற அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டும். இதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். ஈலிங்கில் கேலி செய்யப்படுவது யார் என்று மாமாவே பார்க்கட்டும்: பிரபுக்கள், முதலாளிகள், சுங்க அதிகாரிகள். அவர்களைக் கிண்டல் செய்ய அவருக்குக் கசக்காது.

பார்க்கும்போது ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கால உச்சரிப்பு வேகம் நமக்குப் பிடிபடாது. பாதி கிளாரிட்டி இல்லாத பழைய பிரிண்ட்களும் உலவுகின்றன, புதுப்பித்த பிரதி கிடைக்கும்வரை பொறுங்கள், முக்கியமாக 'பிரீஃப் என்கவுன்ட்ட'ருக்கு. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய படங்கள்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒன்றை முடித்துவிடலாம். சாப்பிட்ட பிறகு வேண்டாம், உங்கள் கதைதான் தெரியுமே.