பேட்டரி டூல்ஸ், சொந்தக் கார், ஞாயிற்றுக்கிழமை: கேள்வி பதில்

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. பதினைந்து வருடமாக வீட்டு ஷெட்டில் சொந்தக் காரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். வந்த கேள்விகளில் எனக்குப் பழக்கமானவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஈரோடு: அண்ணா, ஒரு கம்பெனி 18 வோல்ட் என்கிறது, இன்னொன்று 20 வோல்ட் என்கிறது. ஆன்லைனில் பாதி விலைக்கு 88 வோல்ட் என்று ஒரு செட் வருகிறது. எதை வாங்குவது?

18-ம் 20-ம் ஒன்றுதான். உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அப்போது 20, 21 வரும். ஒருவர் சராசரியை எழுதுகிறார், இன்னொருவர் உச்சத்தை எழுதுகிறார்.

88 என்பது ஸ்டிக்கர். பிரித்தால் பெரும்பாலும் அதே ஐந்து வரிசைதான் இருக்கும். ஒரு எளிய சோதனை சொல்கிறேன்: பேட்டரியைத் தராசில் வையுங்கள். வழக்கமான 5 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் பத்து செல்கள், ஒவ்வொன்றும் 45 கிராமுக்குக் குறையாது. கூடு, போர்டு எல்லாம் சேர்ந்து 600 கிராம் தாண்டும். நண்பர் ஒருவர் '6 ஏஎச்' என்று நம்பி வாங்கியதைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தோம், 400 கிராம்கூட வரவில்லை. பிரித்தால் உள்ளே ஐந்தே ஒல்லி செல்கள். கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

மதுரை: கல்லூரி மாணவன் சார். பட்ஜெட் குறைவு. முதலில் என்ன வாங்க?

ட்ரில் வாங்கு தம்பி. ஆனால் ட்ரில்லைப் பார்த்து வாங்காதே, பேட்டரியைப் பார்த்து வாங்கு. அதே பேட்டரி பொருந்தும் என்றால் இரண்டாவது டூலிலிருந்து பேட்டரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷினை மட்டும் வாங்கலாம், விலை நன்றாகக் குறையும். ஒரே கம்பெனி என்றால் எல்லாம் பொருந்தும் என்றும் நினைக்காதே. போஷில் பச்சை நிறத்துக்கான பேட்டரி வேறு, நீல நிறத்துக்கு வேறு. மக்கிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அவர்களின் 40 வோல்ட் மெஷினில் ஏறாது.

சென்னை: சார், ஸ்டெப்னி மாற்றும்போது நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றுதான் கழற்றுகிறேன். வீட்டில் இருக்கும் பேட்டரி ட்ரில்லில் சாக்கெட் மாட்டிக் கழற்ற முடியாதா?

முடியாதுங்க. மணிக்கட்டுதான் போகும். சாதாரண 18 வோல்ட் ட்ரில் 50, 60 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அளவு) தரும். சிறிய கார்களின் வீல் நட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கமே ஏறக்குறைய 100. டயர் கடையில் ஏர் கன் வைத்து அடித்துவிட்டிருந்தால் அதற்கும் மேலே.

உங்களுக்குத் தேவை அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச். அது சுற்றுவதோடு நிற்காமல் உள்ளே ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கும். இறுகிய ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் 'டக் டக்' என்று அடிப்போமே, அதே வேலைதான், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதனால் கையைத் திருகாது. கழற்ற 300 நியூட்டன் மீட்டர் உள்ள சின்ன மாடலே வீட்டுக்குப் போதும். சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் வகையாக இருக்கட்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கையால் திருகுவதற்கானது, இதில் மாட்டினால் விரிசல் விட்டுத் தெறிக்கும். மாருதி கார்களுக்குப் பெரும்பாலும் 19 மிமீ, ஹூண்டாய்க்கு 21.

மாட்டும்போதுதான் கவனம். நட்டை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வராவிட்டால் எதுவோ கோணல் என்று அர்த்தம். இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை மழை தூறுகிறது என்ற அவசரத்தில் நட்டை சாக்கெட்டில் வைத்து நேராக ரெஞ்சை அழுத்திவிட்டேன். வழக்கமான சத்தம் வரவில்லை, ஒரு கீச்சல். மரை குறுக்கே ஏறி, நட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. கடைசியில் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டை ஒடித்துப் புதிது போட வேண்டியதாயிற்று, ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. ஐந்து நொடி மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

அப்புறம் சக்கரம் தரையில் பட்டபின், டார்க் ரெஞ்ச்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். எண் காரின் மேனுவலில் இருக்கும். கழற்ற மெஷின், கடைசி இறுக்கத்துக்குக் கை.

திருச்சி: ஸ்பார்க் பிளக்கை இம்பாக்டில் கழற்றலாமா?

வேண்டாம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. எந்த மரை தோற்கும் என்று தெரியும்தானே. ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கும் இதே பதில்.

யாழ்ப்பாணம்: அண்ணை, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மக்கிட்டா செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமோ?

மெஷினும் பேட்டரியும் சரி, சார்ஜரைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், உங்களுடையது 230. லேபிளில் 100 மட்டும் இருந்தால் நேராகச் செருகிய நொடியே புகைதான். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், இல்லாவிட்டால் 230 வோல்ட் சார்ஜரைத் தனியாக வாங்குங்கள். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

கோயமுத்தூர்: வண்டிக்கு அடியில் படுத்து உருளும் பலகையை நாமே செய்ய முடியுமா? கடையில் பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது.

செய்யலாம், புது ட்ரில்லுக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. 18 மிமீ பிளைவுட், மூன்றடிக்கு ஒன்றரை அடி. பிளைவுட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டாகக் கேட்டால் விலை குறையும். இரண்டு அங்குல காஸ்டர் வீல் ஆறு: நான்கு மூலையில், இரண்டு இடுப்புக்கு நேராக. நான்கோடு நிறுத்தினால் நடுவில் தொய்யும்.

வீலை மர ஸ்க்ரூவில் பிடிக்க வேண்டாம், சிமென்ட் தரையின் விரிசலில் மாட்டி நாலு தடவை இழுபட்டால் பிய்ந்து வந்துவிடும். 6 மிமீ போல்ட் ஊடுருவிப் போகட்டும். முதலில் 3 மிமீ பிட்டில் வழித்துளை, பிறகு ஆறரை மிமீ. பலகையின் அடியில் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு துளைத்தால் மறுபக்கம் சிலாம்பு பெயராது. மேல்பக்கம் போல்ட்டின் தலை மரத்துக்குள் அமிழும்படி குழி எடுங்கள். முதுகில் உறுத்தினால் தெரியும் ஏன் சொன்னேன் என்று. மேலே கொஞ்சம் ஃபோம் வைத்து ரெக்சினை இழுத்து ஸ்டேப்ளர் அடித்தால் முடிந்தது.

ரெக்சின் ஓரத்துக்குச் சின்ன ஸ்க்ரூ போடுகிறவர்கள் ட்ரில்லின் கழுத்தில் எண் போட்ட வளையத்தைக் கவனியுங்கள். 3, 4-ல் வைத்தால் ஸ்க்ரூ அமர்ந்ததும் 'கடகட' என்று வழுக்கி நின்றுவிடும். துளைக்கும் குறியில் விட்டால் பலகையைத் தாண்டிப் போய்விடும்.

பலகை தயார் என்று ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே தலை உள்ளே போக வேண்டும்.

திருநெல்வேலி: நான்கு அங்குல பேட்டரி கிரைண்டரில் டிஸ்க்கை மூடும் தடுப்பான கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல டிஸ்க் போடுகிறார்கள். துருப்பிடித்த சைலன்ஸர் கிளாம்ப் வெட்ட நானும் போடலாமா?

கூடாது. சின்ன கிரைண்டர் வேகமாகச் சுற்றும், பெரிய டிஸ்க் அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்படவில்லை. வெடித்தால் தடுக்க கார்டும் இல்லை. சைலன்ஸர் பக்கத்தில் பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பொறி பறக்கும் திசை முக்கியம்.

வேலூர்: டூல் செட்டை டிக்கியிலேயே வைத்திருக்கலாமா?

மெஷினை வையுங்கள். பேட்டரியை வேண்டாம், அதுவும் உங்கள் ஊர் மே மாதத்தில். வெயில் லித்தியத்தைச் சீக்கிரம் கிழடாக்கும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள்.

துபாய்: ஊருக்கு வரும்போது 18 வோல்ட் 5 ஏஎச் பேட்டரி இரண்டு கொண்டுவர நினைக்கிறேன். விமானத்தில் விடுவார்களா?

வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்குங்கள்: 18 × 5 = 90 வாட் மணி. 100 வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 6 ஏஎச் என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160-க்கு மேல் பயணிக்கு வாய்ப்பில்லை. கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். மெஷின் அதற்கு நேர்மாறு, லக்கேஜில் போகட்டும். பேட்டரியின் உலோக முனைகளில் டேப் ஒட்டுங்கள். வாட் மணி எழுதிய லேபிள் அழியாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது உரிந்திருந்தால் செக்யூரிட்டியில் நீங்கள் போடும் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.