செவிலியர் பணியில் ஆய்ந்து சிந்திப்பதற்கு என்ன இடம்?

மருத்துவர் எழுதியதைச் செய்வதுதானே செவிலியரின் வேலை, அதில் ஆய்ந்து சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த, 60 கிலோ எடையுள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தம் 118/76. குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். ஆனால் நாடித் துடிப்பு 84, 96, 112 என்று மணிக்கு மணி ஏறியிருப்பதையும், உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருப்பதையும், குழாய் வழியே இறங்கும் சிறுநீர் இந்த எடைக்குக் குறைந்தது இருக்க வேண்டிய மணிக்கு 30 மில்லிலிட்டர்கூட இல்லாததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் செவிலியர், உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று ஐயுற்று உடனே மருத்துவரை அழைக்கிறார். உடலின் இரத்தத்தில் கால் பங்கை இழந்த நிலையிலும், இதயம் விரைந்து துடித்தும் இரத்தக் குழாய்கள் சுருங்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கக்கூடும் என்பதால், அது விழட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவருக்கு நாடிகூட ஏறாமல் ஏமாற்றலாம். ஆகவே பழைய மருந்துச் சீட்டைப் படிப்பதும் இந்தச் சிந்தனையில் அடங்கும். வலியாலும் காய்ச்சலாலும் நாடி உயரும் என்பது உண்மைதான். அதனால்தான் வலிக்கு ஊசி போட்டதோடு நிறைவடையாமல், கட்டு நனைந்திருக்கிறதா, அறுவை செய்த இடத்தில் வைத்த வடிகுழாயில் எவ்வளவு இரத்தம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, சிறிது நேரத்தில் மீண்டும் நாடியை எண்ண வேண்டும்.