உண்ணிச்செடி மண்டிய மேட்டுக் கொல்லையை என்ன செய்வது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டி 2 ஏக்கர் சரிவான மானாவாரிக் கொல்லை இருக்கிறது. பல வருடமாக உழாததால் முழுக்க உண்ணிச்செடி (லந்தானா புதர்). ஆடுமாடு மேய்க்கவும் முடியவில்லை. ஜேசிபி விட்டு வழித்துவிட்டு மரக்கன்று நடலாமா? என்ன கன்று நடலாம்?

பதில்: கன்றைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஜேசிபி வேண்டாம். சரிவு நிலத்தை ஒரே நாளில் மொட்டையடித்தால், அடுத்த கோடை மழையிலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். இன்னொன்று, அந்தப் புதருக்குள் வெட்டுப்பட்ட வேம்பு, உசிலை, வெப்பாலைக் கட்டைகள் உயிரோடு இருக்கும். வெளிச்சம் பட்டால் தானாகத் துளிர்க்கும். நாற்றங்காலில் வாங்கும் எந்தக் கன்றையும்விட அவை கெட்டி. வண்டி அதையெல்லாம் பார்க்காது.

உண்ணியை அரிவாளால் வெட்டினாலும் தீ வைத்தாலும் தூரிலிருந்து இன்னும் அடர்த்தியாகக் கிளம்பும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, தரைக்குக் கீழே நாலு விரல்கடை ஆழத்தில் மண்வெட்டியால் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூரோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தண்டு ஈர மண்ணில் பட்டால் வேர் பிடிக்கும், அதனால்தான் கவிழ்ப்பது. காய் பழுக்கும் முன்பே இதை முடிக்க வேண்டும். மேட்டிலிருந்து பட்டை பட்டையாகக் கீழே இறங்கி வாருங்கள். கீழிருந்து ஆரம்பித்தால் மேலே இருக்கும் விதை மழையில் உருண்டு வந்து மறுபடி முளைக்கும். வன எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் கை வைக்காதீர்கள்.

சுத்தம் செய்த பட்டையைச் சும்மா விடக்கூடாது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், கிடைக்கிற கல்லை அடுக்கி வரப்புப் போடுங்கள். புரட்டாசி மழையில் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைத்தால் மண்ணும் மூடும், தீவனமும் ஆகும்.

மரம் என்றால் புளி, வேம்பு, புங்கன், கூடவே ஆச்சா. ஆச்சா முதலில் வேரை ஆழமாக இறக்கிக்கொண்டுதான் மேலே வளரும். இரண்டு வருடம் நோஞ்சானாக நின்றால் பிடுங்கிவிடாதீர்கள். யானை நடமாட்டம் இருந்தால் பலா, வாழைப் பக்கம் போகவே வேண்டாம். காய்ந்த உண்ணிக் குச்சியைக் கன்றைச் சுற்றி அடைத்தால் ஆடு நெருங்காது. ஆனால் உண்ணித் தழை மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பச்சையாக எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த மூன்று மழைக்காலத்திலும் குருவி உட்காரும் மரத்தடிகளை ஒரு சுற்று பாருங்கள். பழத்தைத் தின்று எச்சமிடுவது அங்கேதான். முளைக்கிற உண்ணியைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.