ஒத்து ஊதுவது

கேள்வி: டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்ததற்கு இத்தனை பாராட்டா? ஒற்றையரில் தேறாமல், கூட ஆடியவர்களுக்கு ஒத்து ஊதியே பேர் வாங்கியவர்தானே?

பதில்: ஒத்து ஊதுவதை எப்படி வசையாக்கினோம் என்று எனக்கு வெகுநாள் ஆதங்கம். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில், எங்கள் ஊர்க் கோயில் சுவாமி புறப்பாட்டில், வித்வானை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தபடி நடப்பேன். அந்தத் துணைக்குழலில் ஒரே சுருதி, நடுவில் அறுபடக் கூடாது. கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் அடுத்த மூச்சை இழுப்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும், கண்ணில் நீர் கோத்திருக்கும். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்ததும் கூட்டம் வித்வானைப் பார்த்துத் தலையாட்டும். இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். இன்று அந்த இடத்தில் சுருதிப் பெட்டி. இதைச் சொன்னால் "பெட்டி பிசகாதே" என்று கடிதம் வரும். பிசகாதுதான். வித்வானுக்கு மூச்சு வாங்குவது பெட்டிக்குத் தெரியாதே!

சரி, போபண்ணா. இரட்டையரில் வலையருகே நிற்பவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, பின்னாலிருந்து சர்வீஸ் போடும் கூட்டாளிக்கு விரலால் சைகை காட்டுவார்: சர்வீஸ் எந்தப் பக்கம் விழவேண்டும், தான் குறுக்கே பாயப் போகிறாரா, நிற்கப் போகிறாரா. காட்டிய பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. பந்து பின்னாலிருந்து தலையை உரசுகிற மாதிரி பறந்து வரும். வித்வானும் ஒத்துக்காரரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த நம்பிக்கையைக் கூட்டாளிக்குக் கூட்டாளி புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். போபண்ணா சம்பாதித்தார். பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் 2010 அமெரிக்க ஓபன் இறுதிவரை போய், பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டைபிரேக்கரில் விட்டார். கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் 2017 பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாவால் எழுந்து நின்று, மாத்யூ எப்டனுடன் 2024 ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது வயது 43. அந்த வயதில்தான் இரட்டையர் தரவரிசையில் முதன்முறையாக உலகின் முதலிடம்.

அப்புறம், ஒற்றையரில் தேறாதவர் என்கிறீர்கள். தரவரிசையில் 213-ஐத் தாண்டவில்லை, உண்மை. ஆனால் 2010 செப்டம்பரில் நம் நுங்கம்பாக்கத்தில், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை, எதிரணி பிரேசில். முதல் நாள் போபண்ணா தாமஸ் பெலூச்சியிடம் ஐந்து செட் போராடித் தோற்றார், இந்தியா 0-2. பிறகு 2-2 ஆனது. கடைசி ஆட்டத்துக்கு அதே போபண்ணாதான் இறங்கினார், ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் வென்றார், இந்தியா டேவிஸ் கோப்பையின் உச்ச அடுக்கான உலகப் பிரிவில் நின்றது. அந்த மூன்று நாளும் இரட்டையர் ஆடியது பயஸும் பூபதியும். போபண்ணா ஆடியதெல்லாம் ஒற்றையர்தான்.