இரண்டாம் உலகப்போரின் 'வெல்ராட்' கைத்துப்பாக்கி ஏன் அவ்வளவு சத்தமில்லாமல் சுட்டது?

வெல்ராட்டில் சைலன்சர் பிற்பாடு மாட்டியது அல்ல, துப்பாக்கியின் உடலே அதுதான். எதிரி நாட்டில் மறைந்து செயல்பட்டவர்களுக்காக, பிரிட்டனின் ரகசியப் போர் அமைப்பான எஸ்.ஓ.இ. இதை உருவாக்கியது. வேலை நடந்த இடம் இங்கிலாந்தில் வெல்வின் என்ற ஊருக்கு அருகிலுள்ள 'தி ஃப்ரைத்' மாளிகை. வடிவமைத்தவர் மேஜர் ஹியூ ரீவ்ஸ்.

துப்பாக்கிச் சத்தம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முதலாவது, குண்டின் பின்னால் பீறிடும் வாயு. குழலில் உள்ள துளைகள் அதைச் சுற்றியுள்ள அறைக்குள் விரியவிட்டு அழுத்தத்தைக் குறைக்கும். முன்பக்க ரப்பர் தட்டுகள் மிச்சத்தைத் தடுக்கும். இரண்டாவது, ஒலியின் வேகத்தைத் தாண்டும் குண்டு எழுப்பும் வெடிப்பொலி. வெல்ராட்டின் இரு வகைகளில் ஒன்று சுட்ட .32 அங்குலத் தோட்டா இயல்பிலேயே ஒலியைவிட மெதுவானது. மற்றதான 9 மி.மீ. வகையில் குழலின் துளைகளே குண்டின் வேகத்தையும் குறைத்தன.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தானியங்கித் துப்பாக்கியில் உலோகம் உலோகத்தில் மோதும் 'கிளிக்'. இதில் அது கிடையாது. ஒவ்வொரு முறையும் பின்னாலுள்ள உருண்டைக் குமிழைத் திருகி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டும். அதனால் அடுத்த குண்டுக்கு நேரமாகும். நடைமுறையில் இது ஒரே குண்டில் வேலையை முடிப்பதற்கான ஆயுதம்தான்.

கைப்பிடிக்குள்ளேயே தோட்டாக்கள் இருக்கும். கைப்பிடியைக் கழற்றிவிட்டால் மிச்சம் சைக்கிள் பம்பு போன்ற ஒரு குழாய். தயாரிப்பாளர் பெயரும் பொறிக்கப்படவில்லை.

பலவீனம் ரப்பர்தான். குண்டு அதைக் கிழித்துக்கொண்டே போவதால், பத்துப் பதினைந்து குண்டுகளுக்குள் சத்தம் கூடிவிடும்.