மாத்திரை வைத்தும் வண்டு சாகவில்லையே, ஏன்?

கேள்வி: மேலூர் பக்கம் நெல் வாங்கி விற்கிறேன். குடோனில் 30 டன் மூட்டையாக அடுக்கி அட்டி போட்டிருக்கிறது. வண்டு மாத்திரை வைத்து மூன்று நாள் தார்ப்பாய் போட்டு மூடினேன். இருபது நாளில் மறுபடி வண்டு. அடுத்த தடவை இரண்டு மடங்கு வைத்தும் அப்படியேதான். மருந்து அதற்குப் பழகிவிட்டதா? குடோனுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனசு பதறியது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டு மாத்திரை என்பது அலுமினியம் பாஸ்பைடு; அதில் காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். சுவர் வெடிப்பு, கதவிடுக்கு எது கிடைத்தாலும் அதன் வழியே பக்கத்து அறைக்குள் போகும். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. வீட்டை ஒட்டிய குடோனில் இனி ஒரு மாத்திரைகூட வைக்காதீர்கள். அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களும் மட்டுமே கையாள வேண்டிய மருந்து இது. சரக்கை வீடுகளிலிருந்து தள்ளியிருக்கும் இடத்துக்கு மாற்றி, அவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

இனி வண்டு விஷயம். மூன்று நாள் போதாது. வளர்ந்த வண்டும் புழுவும் சீக்கிரம் சாகும். நெல்லுக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவை வெகுவாகத் தாங்கும். அவை பொரித்து வளர்ந்துதான் இருபது நாளில் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன என்பது என் கணிப்பு. ஏழு நாளாவது மூடியிருந்தால், முட்டை பொரித்துப் புழுவாகி, எளிதில் சாகும் பருவத்துக்கு வந்துவிடும். அளவை இரட்டிப்பாக்குவது இதற்கு ஈடாகாது. வாயு மிக அடர்த்தியானால் வண்டு மயங்கிக் கிடக்கும், அந்த மயக்கமே அதைக் காப்பாற்றுவதும் உண்டு. மூடாக்கு போட்டுச் செய்யும்போது டன்னுக்கு 3 கிராம் மாத்திரை மூன்று என்பது வழக்கமான அளவு. நாள்தான் கூட வேண்டும்.

"பழகிவிட்டது" என்று மதுரை கீழமாசி வீதி மண்டிகளிலும் சொல்வார்கள். ஒரு வண்டுக்கு விஷம் பழகுவதில்லை. கூட்டத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே தாங்கும் மரபணு இருக்கிறது. நெல்லைத் துளைக்கும் வண்டு, சிவப்பு மாவு வண்டு ஆகியவற்றில் வலுவான எதிர்ப்புக்கு முக்கியமாக இரண்டு மரபணுக்கள் சேர வேண்டும்; இரண்டும் தாய்வழி, தந்தைவழி இரு பக்கமும் கிடைத்தால்தான் முழு வலு. ஒரு பக்கம் மட்டும் பெற்றது, சரியான அளவில் சரியான நாள் வாயு நின்றால் செத்துப்போகும். தார்ப்பாய் ஓட்டை வழியே வாயு குறைந்தால் பிழைத்து, தன் போன்றவற்றோடு இனப்பெருக்கம் செய்யும். குஞ்சுகளில் சில முழு வலுவோடு பிறக்கும். உலக உணவு வேளாண் நிறுவனம் 1972-73இல் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பிலேயே பாஸ்பீனைத் தாங்கும் பூச்சிகள் தென்பட்டன. நம் ஊர்க் குடோன்களில் கசியும் மூடாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

ஆகவே ஆட்கள் வந்தால் மாத்திரையை எண்ணுவதற்கு முன்பு மூடாக்கைப் பாருங்கள். ஓட்டையில்லாத தடித்த பாலித்தீன் விரிப்பாக இருக்க வேண்டும், ஓரம் முழுக்க மணல் நிரப்பிய துணிக்குழாய் அழுத்தியிருக்க வேண்டும், தரை வெடிப்பைப் பூசியிருக்க வேண்டும். வாயு அளக்கும் கருவி கொண்டுவரச் சொல்லுங்கள். ஏழு நாள் முடிந்து திறக்கும்போது ஓரத்தில் மட்டும் உயிரோடு வண்டு இருந்தால் கசிவு. கருவியில் அளவு குறையாதிருந்தும் அட்டியின் நடுவில் உயிரோடு திரிந்தால், எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். அந்த வண்டுகளை ஒரு கைப்பிடி நெல்லோடு, காற்றோட்டமுள்ள பாட்டிலில் போட்டு, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டுங்கள். அதுவரை அதே வாயுவைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மாற்றாக இருந்த மெத்தில் புரோமைடு வாயுவும், ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கோடு பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் தடுப்பது போன்ற தேவைகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

பழைய சாக்குகளை அப்படியே திரும்பப் பயன்படுத்துகிறீர்களா? அவற்றின் தையலிலும், மூலையில் சிந்திக் கிடக்கும் நெல்லிலும் வண்டு தங்கும். கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த கொள்முதலில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்தே அட்டி போடுங்கள். விதைநெல்லுக்கு மட்டுமாவது காற்றுப் புகாத பை வாங்கிவிடுங்கள். அதற்கு மாத்திரையே தேவைப்படாது.